மூன்றாம் குரலுக்கு ஓடிவந்த செருப்பு

கோர்ட் டவாலி வேலைக்கு வேண்டிய தகுதிகள் இரண்டு: ஊர் கேட்கும் தொண்டை, கூச்சமில்லாத மனசு. எனக்கு முதலாவது மட்டும்தான் வாய்த்தது. இரண்டாவது இல்லாமலே இருபத்தொன்பது வருஷம் ஓட்டினேன். மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. நீதிபதிக்கு முன்னால் நடப்பது. வழக்கு எடுத்ததும் வராண்டாவுக்கு வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது. இதுதான் வேலை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெரம்பலூரில் பாதிக் காலம், அரியலூரில் பாதிக் காலம் கூப்பிட்டேன்.

நீங்களும் எப்போதாவது கோர்ட் வேப்பமரத்தடியில் நின்றிருப்பீர்கள். பேர் வந்துவிடுமோ என்று ஒதுங்கக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். மரத்தடியில் நின்ற உங்களுக்கும் வராண்டாவில் நின்ற எனக்கும் அவஸ்தை ஒன்றுதான். உங்களுக்குப் பேர் இன்னும் வரவில்லையே என்று கவலை. எனக்கு, கூப்பிட்டால் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று கவலை. அதனால் மரத்தைப் பார்த்துக் கூப்பிடுவேன், தரையைப் பார்த்துத் திரும்புவேன். வந்துபோனவர்களின் முகம் எனக்குத் தெரியாது. கால் தெரியும்.

தங்கராசு

ஒரு பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். உள்ளே வாரண்ட் எழுதிவிடுவார்கள். ஒரு நாள் தங்கராசு என்று ஒருவரைக் கூப்பிட்டேன். மூன்று குரலுக்கும் பதில் இல்லை. வாரண்ட் போட்டாயிற்று. மறுநாள் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் முழுக்க என் பக்கத்துத் தூணில் சாய்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த அதே கால்கள்.

டவாலி கூப்பிடவே இல்லை என்று அவர் உள்ளே புகார் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினேன். பேர், ஊர், நேரம், எத்தனையாவது குரலுக்கு வந்தார் என்று அன்று முதல் எழுதி வைத்தேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் மூன்று வரை எண்ண அது போதும். வெளியே வந்ததும் தங்கராசுவிடம், ஏன் ஐயா பக்கத்தில் நின்றுகொண்டே பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஊர்ல எல்லாரும் என்னைய மொட்டைன்னுதான் கூப்புடுவாங்க. தங்கராசுன்னு ஒருத்தன் கூப்புடுவான்னு நான் கண்டேனா?"

எதிரி

குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் கோர்ட் தமிழில் எதிரி என்போம். எழுதிப் பழகிய எங்களுக்கு அது வெறும் சொல். கேட்பவர்களுக்கு அப்படி இல்லை. பக்கத்துக் காட்டில் ஆடு விட்டதாக ஒரு சில்லறை வழக்கு. "எதிரி செல்லம்மாள்" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது குரலுக்கும் இல்லை. மூன்றாவதற்குப் பித்தவெடிப்பு விழுந்த இரண்டு கால்கள் விறுவிறுவென்று என் முன்னால் வந்து நின்றன. வந்த வேகத்தில் நான் ஒரு படி பின்னால் போய்விட்டேன்.

"எதிரி நானில்ல தம்பி. எங்க நாத்தனாதான் எதிரி. அந்தா மரத்துக்குப் பின்னாடி நிக்கிறா பாரு, அவளைக் கூப்புடு."

மாமனார் பேர்

இன்னொரு வழக்கமும் இருந்தது. வாய்தா தேதியில் கல்யாணமோ அறுப்போ வந்துவிட்டால், அண்ணனுக்குப் பதில் தம்பி வந்து "இருக்கேங்க" என்பார். பேர் கேட்டால் அண்ணன் பேரைச் சொல்லுவார். முகத்தை உற்றுப்பார்க்க யாருக்கும் நேரமில்லாததால் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆள்மாறாட்டத்தைப் பிற்பாடு வரப்போகும் விஷயத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரியலூரில் ஒரு நீதிபதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூண்டில் நின்றவரிடம் தகப்பனார் பேர் என்ன என்று கேட்டார். மனிதர் வாயைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் துண்டைத்தான் முறுக்கினார். சொந்த அப்பா பேர்கூடத் தெரியாதா என்று நீதிபதி அதட்டியதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மைத்துனனுக்குப் பதிலாக வந்தவர் என்பது அடுத்த நிமிஷமே கோர்ட்டுக்குத் தெரிந்துபோனது.

"தெரியும் சாமி. ஆனா மாமனார் பேரை மருமவன் வாயால சொல்லலாமுங்களா?"

என் டயர் செருப்பு

கோர்ட் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. நானும் இரண்டாவது தூணடியில்தான் கழற்றிப் போடுவேன். டயர் செருப்பு, குதிகால் பக்கம் கத்தியால் மூன்று கீறல் போட்டு அடையாளம் வைத்திருந்தேன். பெரம்பலூரில் ஒரு நாள் வரப்பு வெட்டிய வழக்கு ஒன்று. அரும்பாவூர் மருதமுத்து என்று கூப்பிட்டேன். முதல் குரலுக்கு இல்லை, இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவது வாயில் இருக்கும்போதே ஒருவர் தடதடவென்று செருப்போடு உள்ளே ஓடப்பார்த்தார். தடுத்து, கழற்றச் சொன்னேன். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த விரல் வெளியே நீட்டிக்கொள்வதற்காகத் தோல் செருப்பின் ஓரத்தை வெட்டிவிட்டிருந்தார். என் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே இரண்டே நிமிஷம். 'எதிரி ஆஜர்' என்று எழுதி அடுத்த வாய்தா கொடுத்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடிய ஓட்டத்தில் என் செருப்பு போய்விட்டது. நான் சாப்பாட்டு வேளைக்குச் செருப்பை மாட்டப் போனால் ஓரம் வெட்டிய தோல் செருப்புதான் கிடக்கிறது. நோட்டை எடுத்து எழுதினேன்: பதினொன்று பத்து, மருதமுத்து, அரும்பாவூர், மூன்றாம் குரல், செருப்போடு வந்தார். அதற்குக் கீழே: என் டயர் செருப்பு காணோம், பதிலுக்குத் தோல் செருப்பு ஒரு ஜோடி, இடது ஓரம் வெட்டு. நான் எழுதுவதை எட்டிப்பார்த்தார் தலைமை எழுத்தர்.

"வெளியில தொலைஞ்சா கோர்ட்டுக்கு வரலாம். கோர்ட்டுலயே தொலைஞ்சா எங்கய்யா போவே?"

ஆறு பல் ஆடு

அடுத்த வாய்தாவுக்கு மருதமுத்து வரவில்லை. மூன்று குரலையும் எழுதி வைத்தேன். அந்தச் செருப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், ஆள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். அவர் ஏன் வரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெரம்பலூர் வந்துபோன மூன்றாம் நாள் அவரைப் போலீஸ் பிடித்துவிட்டது. கீழப்பழுவூரில் ஓர் ஆட்டு வியாபாரியின் கையை முறித்ததாக வழக்கு. சம்பவம் நடந்ததாகச் சொன்ன நேரம், நான் மருதமுத்துவைக் கூப்பிட்ட அதே நாள், பகல் பதினோரு மணி. பெரம்பலூரிலிருந்து கீழப்பழுவூர் போக அரியலூரில் பஸ் மாற வேண்டும். ஒண்ணரை மணி நேரத்துக்குக் குறைந்து போக முடியாது.

இருவருக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு. வியாபாரி சந்தையில் இரண்டு பல் ஆடு, அதாவது இளசு, என்று மருதமுத்துவிடம் விற்றிருந்தார். அது ஆறு பல் கிழடு. மருதமுத்து அடுத்த சந்தைக்கே ஆட்டைத் திருப்பி ஓட்டிவந்து, வாயைப் பிளந்து, ஒண்ணு, ரெண்டு என்று சந்தை முழுக்கக் கேட்க எண்ணியிருக்கிறார். எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதைக் கேட்டுத்தான். ஆனால் வியாபாரியின் பின்கழுத்துப் பொடனியில் முதல் அடி விழுந்து, அடுத்த அடியைக் கையால் தடுக்கத் திரும்பிய கணத்தில் அவர் கண்ணில் பட்ட முகம் மருதமுத்துவின் முகமாக இருந்ததும் அதனால்தான். அடையாள அணிவகுப்பில் ஒன்பது பேரை நிறுத்தினார்கள். நேரே போய் மருதமுத்துவின் தோளைத் தொட்டார்.

அந்த நேரம் தான் பெரம்பலூர் கோர்ட்டில் நின்றதாக மருதமுத்து சொன்னார். பெரம்பலூர் குறிப்பேட்டில் 'எதிரி ஆஜர்' என்றும் இருந்தது. ஆனால் நம் பக்கத்து வழக்கம்தான் ஊரறிந்ததாயிற்றே. இவர் கீழப்பழுவூரில் கம்பெடுத்தார், தம்பி பெரம்பலூரில் "இருக்கேங்க" சொன்னார் என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். பெரம்பலூர் நீதிபதி அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்கு எந்த முகமும் ஞாபகமில்லை. அரியலூரில் இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்க ஆளில்லாமல் கிடக்க, மருதமுத்து திருச்சி ஜெயிலுக்குப் போனார்.

அப்பீலுக்குப் புது வக்கீல் வைத்தார்கள். அவர் குறிப்பேட்டைப் பார்க்கப் பெரம்பலூர் வந்தார். அன்று கூப்பிட்டது யார் என்று கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தச் செருப்பு இப்போது எங்கே என்று கேட்டார். சொன்னேன். அரியலூர் கோர்ட்டில் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான், அப்போது பெரம்பலூரிலேயே இருந்த எனக்கு அந்த வழக்கு இருப்பதே தெரியாது.

"ஏழு மாசமா ஒரு மனுசன் ஜெயில்ல கெடக்கான். அவன் சாட்சி உங்க வூட்டு ஆணியில தொங்கிக்கிட்டு இருக்குதே பிச்சைமுத்து."

பச்சைமுத்து

திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் என்னைக் கூடுதல் சாட்சியாகக் கூப்பிட அனுமதி கிடைத்தது. செருப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மரத்தடியில் நின்றேன். அந்தப் பக்கத்து அவஸ்தை அன்றுதான் புரிந்தது. அதுவரை உங்களையெல்லாம் இளக்காரமாக நினைத்திருந்தால் மன்னியுங்கள்.

வராண்டாவில் வந்து நின்ற டவாலி என்னைவிட நல்ல தொண்டைக்காரர். "பச்சைமுத்து" என்று கூப்பிட்டார். நான் பிச்சைமுத்து. பச்சைமுத்துவுக்குப் பதில் சொன்னால் அதுவும் ஆள்மாறாட்டம்தானே என்று யோசித்தேன். இரண்டாவது குரலும் பச்சைமுத்து. எந்த ஊர் பச்சைமுத்துவோ, பாவம், வாரண்ட் போட்டுவிடுவார்களே என்று சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது குரலுக்கு வக்கீல் ஓடிவந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

வாசலில் வேறு தடை. பையில் என்ன என்று கேட்டார் அந்த டவாலி. செருப்பு என்றேன். செருப்பு உள்ளே போகக் கூடாது என்றார். எனக்கும் சட்டம் தெரியும், நான் நின்றுவிட்டேன். வக்கீல் உள்ளே போய் முறையிட்டார். கடைசியில் ஓர் எழுத்தர் வந்து பையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குச் சீட்டு எழுதிக் கட்டி, மேஜைமேல் வைத்து, நம்பர் போட்ட பிறகுதான் அந்த டவாலி என்னை விட்டார்.

"இத்தனை வருசத்துல செருப்பு உள்ள போயி, ஆளு வெளியில நிக்கிறதை இன்னைக்குத்தாண்ணே பாக்கறேன்."

முகமும் காலும்

கூண்டில் ஏறினேன். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரைக் கூப்பிடுகிறவன், என் பேரைச் சொல்ல இரண்டு தடவை இருமினேன். நோட்டில் உள்ளதைப் படித்தேன். அரசு வக்கீல் எழுந்து, அன்றைக்கு வந்த ஆளின் முகத்தைப் பார்த்தீரா என்று கேட்டார். இல்லை என்றேன். மீசை இருந்ததா? தெரியாது. நெற்றியில் திருநீறு? தெரியாது. உயரமா, குட்டையா? கணுக்கால் வரை சொல்ல முடியும் என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க் கூண்டில் நின்ற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கால். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

நீதிபதி செருப்பை எதிரியிடம் கொடுக்கச் சொன்னார். மருதமுத்து காலை நுழைத்தார். வெட்டின இடத்தில் விரல் போய் அப்படியே உட்கார்ந்தது. அரசு வக்கீல் விடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த தம்பிக்கும் விரல் அப்படி இருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி, எனக்கே அது தோன்றவில்லை. தம்பி பின் பெஞ்சில் இருந்தார். அவரை முன்னால் வரச் சொன்னதும், சம்பந்தமே இல்லாத ஏழெட்டுப் பேர் தங்கள் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். தம்பியின் விரல்கள் பத்தும் வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

என் செருப்பு எங்கே என்பது பாக்கி. மூன்று கீறலைப் பற்றி நான் சொன்னதும், ஜெயிலில் வாங்கி வைத்த சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு வார்டர் துணிமூட்டையோடு வந்தார். வேட்டி ஒன்று, சட்டை ஒன்று, டயர் செருப்பு ஒரு ஜோடி. திருப்பிப் பார்த்தார்கள், குதிகாலில் மூன்று கீறல். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீதிபதி மருதமுத்துவைக் கேட்டார். கோர்ட் வாசலிலேயே திருடினேன் என்று இன்னொரு வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்திலேயே ஏழெட்டு மாதத்தைக் கழித்திருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, என்னைப் போலவே தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அடிச்சது நானில்லீங்க சாமி. செருப்பு எடுத்துக்கிட்டுப் போனது நான்தான்."

ஆட்டு வியாபாரி

பத்து நாள் கழித்து மருதமுத்துவை விடுதலை செய்துவிட்டார்கள். அடித்தது யார் என்பது இன்று வரை தெரியாது. ஆறு பல் ஆட்டை இரண்டு பல் என்று எத்தனை பேரிடம் விற்றிருந்தாரோ, அத்தனை பேர்மேலும் சந்தேகப்படலாம். நான் அரியலூருக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒரு நாள் அந்த வியாபாரியே வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல அரியலூர் வந்தார். நேராகாத கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் வந்து, நீதானே அந்தச் செருப்புச் சாட்சி என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. யாரை நினைத்துக்கொண்டு திரும்பினாரோ அவரைத்தான் பார்த்திருக்கிறார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இனிமேலாவது ஆளை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் முணுமுணுத்தேன்.

"பொடனியில அடி விழும்போது எவன்யா குனிஞ்சு காலைப் பாப்பான்?"

சீட்டுக் கட்டிய ஜோடி

விடுதலையான ஒரு மாதத்தில் வரப்பு வழக்குக்காக மருதமுத்து பெரம்பலூர் வந்தார். நான் முதல் குரலை முடிப்பதற்குள் "இருக்கேங்க" என்று பதில் வந்துவிட்டது. என் நோட்டில் அவர் பேருக்கு நேரே ஒன்று விழுந்தது அன்றைக்கு மட்டும்தான். எதிர்த்தரப்போடு ராஜியாகிவிட்டதாகச் சொன்னார், வழக்கு முடிந்தது. வெளியே வந்து, ஜெயில் சாமான்களோடு திரும்பக் கிடைத்த என் டயர் செருப்பைத் துண்டிலிருந்து எடுத்து இரண்டாவது தூணடியில், பழைய இடத்திலேயே, ஜோடி சேர்த்து வைத்தார். கூடவே ஒரு பை நிறைய வெங்காயம். அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். அவருடைய தோல் செருப்பு வழக்குப் பொருளாகி, கழுத்தில் சீட்டோடு திருச்சி கோர்ட் அறையில் உட்கார்ந்திருந்தது. அதைத் திரும்ப வாங்க மனு போடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். மனு போட்டால் மறுபடியும் வாய்தா வரும்.

இன்னும் மனு போடவில்லையா என்று கேட்டேன். அவர் சுண்டுவிரலை அசைத்துக் காட்டிச் சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த வருஷத்தில்தான் முதல் தடவையாக ஒரு கட்சிக்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். மீசை இருந்தது.

"என்னைய வுட்டுட்டாங்கண்ணே. செருப்பைத்தான் உள்ள வச்சிட்டாங்க."

இருபத்தொன்பது வருஷம் கத்திக் கத்தி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கோர்ட்டுக்குள் போகிறவர் நிஜத்தைச் சொல்லப் போகிறாரோ பொய்யைச் சொல்லப் போகிறாரோ, வாசலில் செருப்பை விடும்போது அதற்கு ஒரு கீறலாவது போட்டுவிட்டுப் போவது நல்லது.